மெஸ்காரர் பதில்கள்: இந்த மாதம் பச்சை மீன் சோறு

போன இதழில் கருவாட்டுக் குழம்பு பற்றி எழுதும்போது, யோகோஹாமாவில் மகள் வீட்டில் தங்கியிருந்த சமயம் மத்தியானத்துக்குப் பச்சை மீன் போட்ட சோறு சாப்பிட்டேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கருவாட்டை விட்டுவிட்டு எல்லோரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள், பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு சந்துக்குள் மெஸ் நடத்தி, ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளிகளுக்கு மீனாகவே சமைத்துப் போட்டவன் நான். மீனைப் பற்றி யார் கேட்டாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான். திட்டிய கடிதங்களுக்குத் தனியாகப் பதில் இல்லை.

கேள்வி: ஷூ ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் முதலாளியோடு டோக்கியோ போகிறேன். எங்களிடம் சரக்கு வாங்குகிறவர் மதியம் 'கைசென்டோன்' சாப்பிடக் கூட்டிப்போவதாக மெயில் போட்டிருக்கிறார். அது என்ன, எப்படிச் சாப்பிட வேண்டும்? மானம் போகாமல் திரும்பி வர வழி சொல்லுங்கள். (வாசகர், ஆம்பூர்)

பயப்பட ஒன்றும் இல்லை. கிண்ணத்தில் சோறு, சோற்றின் மேல் பல வகைக் கடல் மீன்களின் பச்சைத் துண்டுகள். அதுதான் கைசென்டோன். ஜப்பானில் கிண்ணச் சோற்றில் நிறைய வகை உண்டு. கோழியும் முட்டையும் போட்டால் ஓயாகோடோன், பொரித்த பன்றி இறைச்சி போட்டால் கத்ஸுடோன், மாட்டிறைச்சி போட்டால் க்யூடோன், சுட்ட விலாங்கு போட்டால் உனாடோன். ஆபீஸ் ஆட்கள் மத்தியானம் சட்டென்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற சாப்பாடு இவையெல்லாம். கல்யாண விருந்துக்குப் போவதுபோல விறைப்பாகப் போய் உட்கார வேண்டாம்.

என் கிண்ணத்தில் இருந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு வருவதும் ஏறத்தாழ இதுவாகத்தான் இருக்கும். சிவப்பாகச் சூரை, சுண்டுவிரல் கனத்துக்கு. ஆரஞ்சு நிறத்தில் சால்மன். வெள்ளையாகக் கணவாய், அதன் மேல் கத்தி முனையால் நெருக்கமாகக் கட்டம் கட்டமாகக் கீறியிருந்தார்கள். கீறாமல் கொடுத்தால் பச்சைக் கணவாயை மெல்ல முடியாது. தொட்டுக்கொள்ளும் சோயா சாஸும் அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு கீறலில் இரண்டு வேலையும் முடிந்துவிடுகிறது. கத்தி பிடித்துப் பழகியவன் என்பதால் நான் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஓரத்தில் ஒரு ஸ்பூன் அளவு சால்மன் சினை. பல்லில் பட்டதும் பட்டென்று உடைந்து வாயெல்லாம் உப்பு. மீனுக்கு அடியில் ஷிசோ என்ற பச்சை இலை. கற்பூரவல்லியையும் புதினாவையும் சேர்த்துக் கசக்கியதுபோல மணக்கும். அதையும் சாப்பிடலாம். பார்சல் டப்பாவாக இருந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே இலை பிளாஸ்டிக்காக இருக்கும்.

என் வீட்டம்மா கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, அடுப்புல வெக்க மறந்துட்டானா?" என்றார். வேகவைத்ததும் அதிலேயே இருக்கிறது என்று மகள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஆக்டோபஸ் பெரும்பாலும் வேகவைத்துத்தான் வரும். இறாலில் இரண்டு வகை உண்டு. வெள்ளையும் சிவப்புமாகச் சுருண்டிருந்தால் வெந்தது, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிந்தால் பச்சை. இனிப்பாக முட்டை ஆம்லெட் துண்டு ஒன்றும் இருக்கும். வீட்டம்மா அதையெல்லாம் சோற்றோடு சாப்பிட்டுவிட்டு, பச்சை மீனை என் கிண்ணத்துக்குத் தள்ளிவிட்டார். எனக்கு நஷ்டமில்லை. நீங்களும் வெந்ததில் தொடங்கி, அப்புறம் சால்மனுக்குப் போங்கள். முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் வாடையில்லாமல் வழுவழுப்பாக இறங்கும். சுத்தமாக முடியாது என்று தோன்றினால் இப்போதே பதில் மெயிலில் சொல்லிவிடுங்கள். அதே தெருவில் விலாங்கோ, காய்கறியும் இறாலும் மாவில் தோய்த்துப் பொரித்த டெண்டோனோ கிடைக்கும். விலாங்கை அவர்கள் பச்சையாகக் கொடுப்பது அபூர்வம், அதன் ரத்தத்தில் விஷம் உண்டு, சூட்டில்தான் போகும். முன்கூட்டியே வேண்டாம் என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்கி வைத்துக்கொண்டு சோற்றை மீதி விடுவதுதான் அங்கே மரியாதைக் குறைவு.

சாப்பிடும் முறை இதுதான். சின்னத் தட்டில் சோயாவை ஊற்றி, வசாபி என்ற காரமான பச்சை விழுதைக் கொஞ்சம் கரைத்து, மீனின் மேல் சுற்றிலும் விடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக்கொண்டு, அடியில் இருக்கும் சோற்றைக் கூடவே எடுக்கிறவர்களும் உண்டு. இரண்டும் சரி. சாம்பார் ஊற்றுகிற அளவுக்குச் சோயாவை ஊற்றிவிடாதீர்கள், உப்புக் கரித்து ஒரு வாய்கூட இறங்காது. பிசையவும் கூடாது. கிண்ணத்தைக் கையில் தூக்கி வாய்க்கு அருகே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது. இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் கூடாது. தகனம் முடிந்து எலும்பை எடுத்து வைப்பது அந்த முறையில்தான். நம் ஊரில் காரியத்தன்று செய்வதைக் கல்யாணப் பந்தியில் செய்தால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்ப்பார்கள்.

குச்சி பிடிக்க வராவிட்டால் ஸ்பூன் கேளுங்கள், கொடுப்பார்கள். டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள்.

கேள்வி: காட்பாடியில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். மீன் மார்க்கெட்டில் ஃப்ரெஷ்ஷாக வஞ்சிரம் வாங்கி, நானே ரூமில் இந்தக் கிண்ணத்தைச் செய்யலாம் என்று இருக்கிறேன். எலுமிச்சம்பழம் பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்று நண்பன் சொல்கிறான். (மாணவர், காட்பாடி)

வேண்டாம் தம்பி. நண்பனிடமும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எங்கள் மெஸ்ஸில் வங்காளச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். விடியற்காலையில் மீன் இறங்கியதும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை விரலால் அழுத்துவார், குழி விழுந்து எழும்பாவிட்டால் கூடையைத் திருப்பி அனுப்பிவிடுவார். செவுள் சிவப்பு, கண் பளபளப்பு, சதை கெட்டி. இந்தச் சோதனையெல்லாம் குழம்பு வைக்கிற மீனுக்குப் போதும். பச்சையாகச் சாப்பிடுகிற மீனுக்கு இது போதாது. மீன் எவ்வளவு ஃப்ரெஷ்ஷாக இருந்தாலும் அதன் சதையில் புழு இருக்கலாம். கடல் மீனில் இருப்பது அனிசாகிஸ் என்ற நூல் போன்ற புழு. உள்ளே போன சில மணி நேரத்தில் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துக் கிடுக்கியால் பிடித்து எடுக்க வேண்டும். மீன் சாப்பிடுவதில் இவ்வளவு பழகிய ஜப்பானிலேயே, அண்மை ஆண்டுகளில் பதிவாகும் உணவு நச்சுச் சம்பவங்களில் இந்தப் புழு முன்வரிசையில் நிற்கிறது. எலுமிச்சை அதைக் கொல்லாது. வினிகர் கொல்லாது, வசாபியும் கொல்லாது.

கொல்வது இரண்டே விஷயம். ஒன்று அடுப்பு, இன்னொன்று கடுங்குளிர். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் சொல்கிற கணக்கு இது: மைனஸ் 20 டிகிரி அல்லது அதற்குக் கீழே 7 நாள். அல்லது மைனஸ் 35 டிகிரியில் கல்லாக உறையவைத்து, அதே குளிரில் 15 மணி நேரம். உங்கள் ரூம் ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் ஒழுங்காக இருந்தால் மைனஸ் 18 வரை போகும். ஐஸ்கிரீம் எடுக்க நாலு தடவை திறந்தால், கரண்ட் ஒரு மணி நேரம் போனால், அதுவும் இல்லை. சூரை பிடிக்கும் பெரிய ஜப்பானியக் கப்பல்களில் மீனைப் பிடித்த கையோடு மைனஸ் 60 டிகிரியில் போட்டுவிடுகிறார்கள். அதில்தான் சதையின் சிவப்பும் மாறாமல் இருக்கும், சாதாரண ஃப்ரீசரில் வைத்தால் பழுப்பாகிவிடும். பச்சை மீன் என்றதும் கடலில் பிடித்து அப்படியே வெட்டிக் கொடுப்பதாக நினைக்கிறோம். டோக்கியோவில் சாப்பிடும் சூரையில் பெரும்பங்கு இப்படி உறைந்து வந்ததுதான்.

இப்போது நம் மார்க்கெட்டுக்கு வாருங்கள். கடலிலிருந்து நமக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மீன் ஐஸ் போட்ட பெட்டியில் ராத்திரி லாரியில் வருகிறது. ஐஸ் என்பது பூஜ்ஜியம் டிகிரி. கெடாமல் பார்த்துக்கொள்ளும், புழுவை ஒன்றும் செய்யாது. அந்த ஐஸும் குடிக்கிற தண்ணீரில் செய்ததா என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். கல்லின் மேல் வெட்டுகிறார்கள், முன்னால் வெட்டிய மீனின் குடல் அதே கட்டையில் இருக்கிறது. குழம்பில் கொதித்துவிட்டால் இதெல்லாம் கவலை இல்லை. வியாபாரிகளைக் குறை சொல்லவில்லை, அவர்கள் விற்பது சமைக்கிற மீன்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் பிடித்த பிறகு சூட்டில் நின்றுவிட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலை வலிக்கும். இதைக் கொதிக்கவைத்தாலும் போக்க முடியாது, உறையவைத்தாலும் போக்க முடியாது. ஆகவே இந்த இரண்டு மீனையும் குழம்புக்கே வாங்கினாலும் வெயில் ஏறுவதற்கு முன்னால், ஐஸுக்கு அடியில் இருப்பதை எடுக்கச் சொல்லி வாங்குங்கள். மே மாதத்து வேலூர் வெயிலில் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம்.

கடைசியாக, ஏரி மீன். கட்லா, ரோகு, விரால், ஜிலேபி எதையும் பச்சையாக வாயில் வைக்கக் கூடாது, நேற்றுப் பிடித்ததானாலும், கண் முன்னால் துள்ளினாலும். நன்னீர் மீனில் வரும் புழுக்களில் சில கல்லீரலில் போய்க் குடியேறும். வடகிழக்குத் தாய்லாந்தில் ஆற்று மீனைப் பச்சையாகத் தின்னும் பழக்கத்தால் தலைமுறை தலைமுறையாக ஈரல் நோய் இருக்கிறது, புற்றுநோய் வரை போகிறது. ஜப்பான்காரர்கள்கூட ஆற்றுக்கு ஏறி வரும் தங்கள் ஊர் சால்மனைப் புழுவுக்குப் பயந்து பச்சையாகச் சாப்பிடாமல்தான் இருந்தார்கள். 1980களில் நார்வேக்காரர்கள் தீவனம் போட்டுப் பண்ணையில் வளர்த்த சால்மனைக் கொண்டுபோய், இதைப் பச்சையாகச் சாப்பிடலாம் என்று பல வருஷம் மல்லுக்கட்டி விற்ற பிறகுதான் அது கிண்ணத்தில் ஏறியது.

ஆசை அடங்கவில்லை என்றால் ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். காட்பாடி ஜங்ஷனில் குடியிருந்துகொண்டு ரயிலுக்கா பஞ்சம்?

கேள்வி: சென்னை ஜப்பான் ஹோட்டலில் இந்தக் கிண்ணம் ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். அந்தக் காசுக்கு இங்கே வீடே மீன் சாப்பிடலாம். நியாயமா? (வாசகர், வாலாஜாபேட்டை)

கணக்கு சரிதான். ஆனால் மேலே சொன்ன குளிருக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு. சால்மன் பெரும்பாலும் நார்வேயிலிருந்து விமானத்தில் வருகிறது. மீன் பிடித்த இடத்திலிருந்து உங்கள் மேசை வரை ஒரு இடத்திலும் சூடு ஏறக் கூடாது, அதற்குத்தான் செலவு. ஜப்பானிலேயே சாதாரணக் கடையில் 1,000 முதல் 2,000 யென் வரை கொடுக்க வேண்டியிருக்கும். கடல் முள்ளெலி, கொழுத்த சூரை என்று கேட்டால் அதற்கும் மேலே போகும். ராத்திரியைவிட மத்தியானம் மலிவு. மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப், ஊறுகாய் எல்லாம் சேர்த்து செட்டாகக் கொடுப்பார்கள், பச்சைத் தேயிலை டீக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

சென்னையில் போகிறவர்களும் மத்தியானமே போங்கள், ஆள் கூட்டம் இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை செய்கிற ஜப்பானியர்கள் குடும்பத்தோடு வந்து உட்காருகிற கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். காலியாக இருக்கிற கடையில் ஒரு தடவை உட்கார்ந்தேன், பெயர் வேண்டாம். கிண்ணம் வந்தது. சூரைத் துண்டின் ஓரம் காய்ந்து பழுப்பாகியிருந்தது, நாக்கில் வைத்தால் குளிர்ச்சியே இல்லை. முட்டையையும் இறாலையும் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பில் கொடுத்து வந்துவிட்டேன். அதற்கு எதிர்க்கோடி, ஜிகினா மாதிரி ஒரே சீராகப் பளீரென்று ரோஜாச் சிவப்பில் இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். கார்பன் மோனாக்சைடு வாயுவைக் காட்டினால் பழைய சூரையும் அந்த நிறத்திலேயே நிற்கும். ஜப்பானில் அதற்குத் தடை இருக்கிறது. நிறத்தைவிட மூக்கை நம்புங்கள். நல்ல பச்சை மீனில் மீன் வாடையே வராது.

கேள்வி: என் தம்பி டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். மீன் ஹலால்தானே, எந்தக் கிண்ணத்தையும் சாப்பிடலாம் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. (வாசகர், மேல்விஷாரம்)

உங்கள் சந்தேகம் நியாயமானது பாய். மீனில் பிரச்சினை இல்லை, மீனைச் சுற்றி இருப்பதில்தான். மிரின் என்று ஒரு இனிப்புச் சமையல் திரவம், அதில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால். சாக்கே அவர்கள் ஊர் அரிசி மது. இந்த இரண்டும் விலாங்குக் குழம்பிலும், முட்டை ஆம்லெட்டிலும், சால்மன் சினை ஊறவைக்கும் சோயாவிலும் போகும். சில கடைகளில் சோற்றில் கலக்கும் வினிகரிலும் போகும். பாட்டில் சோயா சாஸிலேயே ஆல்கஹால் தனியாகச் சேர்ப்பது உண்டு. சேர்க்காவிட்டாலும் புளிக்கும்போது தானாகக் கொஞ்சம் உண்டாகும். இதில் எது கூடும், எது கூடாது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சமையல்காரன் பத்வா கொடுக்கக் கூடாது.

சமையல்காரனாக ஒரு யோசனை மட்டும். வினிகர் கலக்காத வெள்ளைச் சோற்றில், ஊறவைக்காத வெறும் மீன் துண்டுகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஹலால் முத்திரை போட்ட சோயா சின்னப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். டோக்கியோவில் யோயோகி உயேஹாரா பக்கம் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, டோக்கியோ ஜாமி என்பார்கள், இப்போதைய கட்டடம் 2000ல் திறந்தது. அங்கேயே ஹலால் கடையும் உண்டு. ஷின் ஓகுபோ ஸ்டேஷன் பக்கமும் நம் நாட்டு, வங்கதேசத்து மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மசாலாவுக்கு அலைய வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சைவம். மகளுக்கு ஜப்பானில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. மீன் கிண்ணத்தை விட்டுவிட்டு, கூட வரும் சூப்பையும் சோற்றையும் மட்டும் சாப்பிட்டால் போதாதா? (வாசகி, குடியாத்தம்)

சோற்றைச் சாப்பிடலாம் அம்மா, சூப்பை வேண்டாம். பார்க்கச் சைவம் மாதிரியே இருக்கும், டோஃபு என்ற சோயா பனீரும் கடல்பாசியும் மிதக்கும். ஆனால் அடித்தண்ணீர் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் இறக்கியது. வரிச்சூரையை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்து, இழைப்புளியில் சீவியதுபோல மெல்லிசாகச் சீவி வைத்திருப்பார்கள். லட்சத்தீவின் மினிக்காய் தீவிலிருந்து வரும் மாசிக் கருவாடும் அதே மீன்தான், செய்முறையும் கிட்டத்தட்ட அதேதான். பொரித்த காய்கறிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் சாறிலும் இது உண்டு. டோஃபுவின் மேலேயே இந்தச் சீவலைத் தூவிக் கொடுத்துவிடுவார்கள், சூட்டில் அது நெளியும், பார்த்துப் பயந்துவிடப் போகிறாள்.

வெள்ளரிக்காய் சுருட்டிய சோறு, வேகவைத்து உப்புத் தூவிய பச்சை சோயா மொச்சை, உப்பு மட்டும் தொட்டுக்கொண்டு, மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி டெம்புரா, இவை தாங்கும். புத்தக் கோயில்களில் ஷோஜின் ரியோரி என்று மீன்கூட இல்லாத சமையல் உண்டு, கொஞ்சம் விலை கூடுதல். கத்தரிக்காயைப் பாதியாக வெட்டி, மேலே மிசோ தடவிச் சுட்டுக் கொடுப்பார்கள். அதில் மீன் சாறு இல்லையா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். அதைத் தின்றபோது நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் செய்தால் எப்படி இருக்கும் என்றுதான் எனக்கு யோசனை போனது. புவிசார் குறியீடு வாங்கிய காய், ஒரு கை பார்க்கும்.

கேள்வி: வசாபி என்பது கடுகா, இஞ்சியா? (வாசகர், சோளிங்கர்)

இரண்டும் இல்லை. குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் வளரும் ஒரு செடியின் தண்டு. கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அசல் இல்லை, குதிரைமுள்ளங்கி என்ற கிழங்கில் கடுகுப்பொடியும் பச்சைச் சாயமும் சேர்த்தது. கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுமே, அதே காரம்தான். மிளகாய்க் காரத்துக்குப் பழகிய திமிரில் ஒரு உருண்டையை அப்படியே வாயில் போடாதீர்கள்.

கேள்வி: மருமகள் ஆறு மாதம். மகன் ஜப்பான் ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். (வாசகி, வாணியம்பாடி)

கூட்டிப்போகட்டும். பச்சை மீன் மட்டும் வேண்டாம். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், வயதானவர்கள், யாருக்கும் கூடாது. பெரிய சூரை வகைகளில் பாதரசமும் இருக்கும் என்பதால் அவை வெந்தாலும் அளவாகத்தான். கோழி முட்டைக் கிண்ணம் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், முட்டையை நன்றாக வேகவைக்கச் சொல்லி.

கேள்வி: தலைமுறையாக அரிசி வியாபாரம் செய்கிறோம். ஜப்பான் சோறு குச்சியில் எடுக்கிற அளவுக்கு ஒட்டுகிறதே, நம் அரிசியில் அது வராதா? (வாசகர், ஆரணி)

உங்களுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற பகுதி குறைவாக இருந்தால் சோறு ஒட்டும், அதிகமாக இருந்தால் உதிரும். அவர்களுடையது குட்டைக் குண்டு அரிசி, அமைலோஸ் குறைவு. 1956ல் வந்த கோஷிஹிகாரி என்ற ரகம் இன்னும் அங்கே ராஜா. நம் பொன்னி, ஆற்காடு கிச்சிலிச் சம்பா எல்லாம் உதிரியாக வடிய வேண்டும் என்றே தேர்ந்தெடுத்தவை. உதிரவில்லை என்றால் உங்கள் கடையில் மூட்டை திரும்பி வந்துவிடும்.

ரகம் பாதி, சமைக்கிற விதம் பாதி. நாம் நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிக்கிறோம், ஒட்டுகிற மாவு அதோடு போய்விடுகிறது. அவர்கள் நன்றாகக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, அளந்த தண்ணீரில் வைத்து, வற்றியதும் மூடியைத் திறக்காமல் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டுவிடுகிறார்கள். புதுப் பச்சரிசியை இப்படி வைத்தால் ஓரளவு ஒட்டும். பழைய அரிசியில் நடக்காது. மீன் கிண்ணத்தில் சோறு கொதிக்கக் கொதிக்க இருக்காது, கை சூட்டுக்கு ஆறியிருக்கும். சூடாகப் போட்டால் மேலே இருக்கும் மீன் வெந்ததும் வேகாததுமாகிவிடும், சாப்பிட முடியாது.

கேள்வி: டோக்கியோ மீன் மார்க்கெட்டிலேயே சாப்பிடலாமாமே? (வாசகர், திருவண்ணாமலை)

சாப்பிடலாம், காலையில் போங்கள். 1935லிருந்து சுகிஜியில் இருந்த மொத்த வியாபார மார்க்கெட் 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு மாறிவிட்டது. சுகிஜியில் வெளிக்கடைகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் விடிந்ததும் கிண்ணச் சோறு தொடங்கிவிடும், மதியம் இரண்டு மணிக்குப் போனால் கழுவி விட்டுக்கொண்டு இருப்பார்கள். ஞாயிறு விடுமுறை, சில புதன்கிழமைகளும் விடுமுறை. வடக்கே ஹொக்கைடோவில் குஷிரோ என்ற ஊரில் வாஷோ மார்க்கெட் இருக்கிறது. அங்கே முதலில் வெறும் சோற்றுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, கடை கடையாகப் போய் வேண்டிய மீனை ஒவ்வொரு துண்டாக மேலே வைக்கச் சொல்லி நாமே கிண்ணத்தை நிரப்பிக்கொள்ளலாம். மகள் சொன்னதுதான், எனக்குப் போக வாய்க்கவில்லை. குளிர் அதிகம் என்று வீட்டம்மா மறுத்துவிட்டார்.

கேள்வி: பச்சையும் வேண்டாம், சென்னைக்கும் போக முடியாது. வீட்டிலேயே அந்த மாதிரி ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு வழி உண்டா? (வாசகி, சத்துவாச்சாரி)

உண்டு, நான் செய்வதைச் சொல்கிறேன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிக்கிடக்கும், அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். வஞ்சிரம் நான்கு துண்டு, முள்ளை எடுத்துவிட்டு. மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் தடவ வேண்டாம், கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், அதே அளவு தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு, நான்கையும் கலந்து மீனின் மேல் ஊற்றி, குழம்பு சுண்டி மீனில் ஒட்டும்வரை திருப்பித் திருப்பிப் போடுங்கள். உப்புப் போடக் கூடாது, சோயாவிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. ஃப்ரைட் ரைஸுக்குப் போடும் கறுப்புச் சோயாவை வாங்காதீர்கள், அதில் நிறந்தான் தூக்கலாக இருக்கும்.

சோறு, மேலே சொன்ன மாதிரி வடிக்காமல் வைத்தது. விருப்பம் இருந்தால் இரண்டு ஆழாக்கு அரிசிச் சோற்றுக்கு மூன்று மேசைக்கரண்டி வினிகர், ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு என்று கரைத்து, சோறு சூடாக இருக்கும்போதே பிசையாமல், கரண்டியால் வெட்டுவதுபோல் கலந்து, விசிறியால் விசிறுங்கள். கிண்ணத்தில் சோறு, மேலே மீன், பக்கத்தில் நூலாகச் சீவிய முள்ளங்கி, வெள்ளரிக்காய், வறுத்த எள் ஒரு சிட்டிகை. கல்லில் மிஞ்சிய குழம்பைச் சோற்றின் மேல் ஒரு சுற்று விடுங்கள். கொத்தமல்லி தூவலாமா என்று கேட்டு இன்னொரு கடிதம் போட வேண்டாம். தூவிக்கொள்ளுங்கள், ஜப்பான்காரர் யாரும் சத்துவாச்சாரிக்கு வந்து பார்க்கப் போவதில்லை.